பாதுகாப்புக்காக முடக்கப்பட்டது

'உங்கள் பாதுகாப்புக்காக' என்று யாராவது எதையாவது ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைப் புரட்டிவிடும். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி ஜன்னலைத் தேடுவாரே, அவருக்கு அப்போது வருவதுதான் எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே வரும். இதைக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் தணிந்துவிடும். இது அருவருப்பு, அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்த ஜனவரிக் காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது, அது என்னைக் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, குளித்துத் தலை சீவிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஹெட்செட்டில் இயந்திரக் குரல் சொன்னது: "உங்கள் பாதுகாப்புக்காக ஒரு பிளக்இன் முடக்கப்பட்டுள்ளது." எந்த பிளக்இன் என்று நான் தேடவில்லை. என் பிரவுசரில் இருந்ததே ஒன்றுதான்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கொல்லிமலையில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் உண்டு. திரையில் இருக்கிற எழுத்தை அது குரலாகப் படித்துச் சொல்லும், நான் காதால் வாசிப்பேன். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது, மிக்ஸி மாதிரிதான்.

சிக்கல் நம்மவர்கள் தமிழ் அடிக்கிற விதத்தில் இருக்கிறது. டைப்ரைட்டர் காலத்தில் பழகிய விரல்களுக்காகச் செய்யப்பட்ட பழைய எழுத்துருக்களை ஆபீஸ்களில் இன்னும் விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. திரையில் 'தமிழ்' என்று இருக்கும், என் காதில் 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று விழும். ஒரு பக்கம் முழுவதையும் அப்படிக் கேட்டால் பல் கூசும்.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன், அவனுக்கும் பார்வை கிடையாது, இதற்காகவே ஒரு பிளக்இன் எழுதினான். பழைய எழுத்துருவில் ஒரு பக்கம் வந்தால் அது அந்தக் குப்பையை ஒழுங்கான தமிழாக மாற்றி ரீடரிடம் கொடுத்துவிடும். எங்களைப் போன்ற கொஞ்சம் பேர் அதை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதைத்தான் இப்போது ஆபத்து என்று சொல்லி முடக்கிவிட்டார்கள். என் லேப்டாப்பில், என் சம்மதத்தோடு, நானே வைத்துக்கொண்டதை, என்னிடமிருந்தே என்னைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மற்ற மாதமாக இருந்தால் திட்டிவிட்டு மெதுவாகப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த வருடம்தான் எனக்கு முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு கிடைத்திருந்தது. அதற்கு முன் ஆறு, ஏழு, ஆறு, ஏழு என்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்காத ஆசிரியரை யாரும் ஆசிரியராக நினைப்பதில்லை. கூட்டங்களில் அவரிடம் கருத்து கேட்க மாட்டார்கள், டீ மட்டும் தவறாமல் வரும். நான் கேட்டு, எழுதிக் கொடுத்து, மறுபடி கேட்டு வாங்கிய வகுப்பு அது. குண்டனி நாடு, பெரக்கரை நாடு என்று மலையில் பெயர் சொல்லும் ஊர்க்கூட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள். குரலை வைத்து ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். யார் பாடம் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்பது மூச்சு விடுவதிலேயே தெரிந்துவிடும்.

அரசுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் மாவட்டத்தில் ஒரு குழு தினமும் சாயங்காலம் ஒரு பயிற்சித்தாளை இணையப் பக்கத்தில் ஏற்றும். மறுநாள் காலை முதல் பாடவேளையில் ஆசிரியர் அதை வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் எழுத வேண்டும். அந்தப் பக்கம் முழுவதும் பழைய எழுத்துரு. எனவே பிளக்இன் போன அன்று சாயங்காலம் எனக்குப் பயிற்சித்தாள் வரவில்லை, ஜே கே பி ஓ மட்டும் வந்தது. அச்செடுத்து, போனைக் காட்டிப் படம் பிடித்துப் படிக்க வைத்தும் பார்த்தேன். தாள் இரண்டு பத்தியாக இருக்கும். போன் இந்தப் பத்தியில் பாதி வரியையும் அந்தப் பத்தியில் பாதி வரியையும் சேர்த்துப் படித்து, உப்புச் சத்தியாகிரகத்தைக் கரிசல் மண்ணில் விளைய வைத்தது.

எங்கள் பள்ளியில் இன்னொரு சமூக அறிவியல் ஆசிரியர் உண்டு. எனக்குப் பின்னால் பணிக்கு வந்தவர், ராசிபுரம் பக்கம். நல்லவர் என்று ஊரெல்லாம் பெயர், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். என் தவிப்பைப் பார்த்துவிட்டு அவராகவே வந்தார். "நான் எதுக்குங்க டீச்சர் இருக்கறேன்?" என்றார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட முதல் நாளே எனக்கு வெறுத்துவிட்டது. காய்ச்சல் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கிற குரலில் வாசித்தார். நடுநடுவே தாண்டினார். என்ன தாண்டினீர்கள் என்று கேட்டால், வரைபடக் கேள்விதான், அது உங்களுக்கு எதற்கு, விட்டுவிடலாம் என்றார். என்னிடம் மேடுபள்ளமாக அச்சிட்ட இந்திய வரைபடம் ஒன்று இருக்கிறது. காம்பே வளைகுடா எந்த இடத்தில் உள்ளே ஒடுங்குகிறது என்பது என் விரலுக்குத் தூக்கத்திலும் தெரியும். வரைபடக் கேள்வியை என் பிள்ளைகள் விட்டதே இல்லை. அதைச் சொன்னேன். "அடடா, சூப்பருங்க டீச்சர்" என்றார், அடுத்த நாளும் தாண்டினார்.

அதைவிடக் கேவலம், அவர் என் வகுப்புக்கே வரத் தொடங்கியது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்று, என் முழங்கையைப் பிடித்து ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, கரும்பலகையில் எழுதுவார். நகரச் சொன்னால் நானே நகர்வேன். அலமாரியைத்தான் பிடித்து நகர்த்துவார்கள். என் பிள்ளைகள் முன்னால் அப்படி நகர்த்தப்பட்டபோது காதெல்லாம் சுட்டது. அந்த முழங்கையை வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவினேன்.

இப்படிச் சில நாள் போனதும் தலைமையாசிரியர் கூப்பிட்டு விட்டார். அவர் நாமக்கல்காரர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது, யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். டீ சொன்னார். டீ வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க ரொம்பச் சிரமப்படறீங்க டீச்சர். பத்தாவத அவரே பாத்துக்கட்டுங்க. உங்களுக்கு ஆறும் ஏழும் போதும்."

சிரமம் என்னுடையது இல்லை, பிரவுசருடையது என்றேன். திங்கட்கிழமை வரை நேரம் கொடுங்கள், சரி செய்துவிடுகிறேன், செய்யாவிட்டால் பிறகு பேசலாம் என்றேன். அவர் நாக்கால் ஒரு சத்தம் செய்தார். வழுக்கி விழுந்த கன்றுக்குட்டியைப் பார்த்தால் செய்வார்களே, அந்தச் சத்தம். அப்புறம் சரிங்க டீச்சர், திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்றார். ஆக, திங்கட்கிழமைக்குள் பிளக்இன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு போய்விடும்.

முதலில் நேர்வழியில் போனேன். பயிற்சித்தாள் தயாரிக்கும் குழுவுக்கே போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். நான் பார்வையற்ற ஆசிரியை, நீங்கள் போடும் தாளை என்னால் வாசிக்க முடியவில்லை, எழுத்துருவை மாற்றிப் போட்டால் போதும், அதற்கு இலவசமாகவே வழி இருக்கிறது, எப்படி என்று நானே சொல்லித் தருகிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, புரிந்தது மேடம், நாளைக்கே ஏற்பாடு செய்கிறோம் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அதைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பெரிய பார்சல் கட்டைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வாட்ச்மேன் தோளில் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டாஃப் ரூமில் என் மேஜையில் வைத்தார். உங்கள் பெயருக்குத்தான் டீச்சர், மாவட்ட ஆபீஸில் இருந்து, என்றார். கட்டைப் பிரித்தேன். கனமான தாள்கள். பிரெயிலில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்களோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரலை ஓட்டினேன். வழவழ என்று இருந்தது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாம் வழவழதான்.

நல்லவர் எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா. எவ்வளவு பெரிய எழுத்துங்க டீச்சர். ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் புடிச்சிருக்குது" என்றார்.

பார்வையற்ற ஆசிரியைக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், அது எவ்வளவோ தேவலை. நெகிழ்ந்து போனார்கள். மாவட்டத்தில் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள் பாருங்கள் என்றார்கள். தலைமையாசிரியர் வந்து ஒரு தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார் போல, 'ம்ம்' என்ற சத்தம் அறை முழுக்கப் போனது. புது மையின் நெடி மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தாள்களைத் திரும்பக் கட்டி வைத்தேன். பிறகு வெளியே போய் அதே ஆளுக்குப் போன் போட்டு, தாள் வந்தது, ஆனால் என்னால் வாசிக்க முடியவில்லை என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னும் பெருசா வேணுங்களா மேடம்?"

நான் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நண்பனைக் கூப்பிட்டேன். அவன் இப்போது திருச்சியில் வங்கி வேலையில் இருக்கிறான். பிளக்இன் எழுதிய காலத்தை யாருடைய பால்யப் பருவமோ போலப் பேசினான். அதையெல்லாம் விட்டு நாளாகிவிட்டது, பாஸ்வேர்டுகூட ஞாபகம் இல்லை என்றான். நான் அவனையும் இரண்டு வாங்கு வாங்கினேன். அதன் பிறகு வழிக்கு வந்தான். விஷயம் இதுதான்: எந்தக் குப்பை எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை பிளக்இனுக்கு உள்ளே இல்லை, அவனுடைய இணையதளத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே போய் இறக்கிக்கொள்ளும். இப்படி வெளியில் இருந்து எதையாவது இறக்கி ஓட்டுகிற பிளக்இன்களைத்தான் புது அப்டேட் மொத்தமாக நிறுத்திவிட்டது. திருடர்கள் அந்த வழியில்தான் வருவார்களாம். இருக்கலாம். திருடன் வருவான் என்று தெருவில் இருக்கிற எல்லோர் வீட்டுக் கதவையும் வெளியே பூட்டிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். "என்னைக் கேட்டா?" என்றான். அட்டவணையை உள்ளே தூக்கிப் போடு, முகப்புக் கோப்பைப் புது முறைக்கு மாற்று, நீயே செய்துவிடுவாய் என்று சொல்லி, கோப்புகளை அனுப்பிவிட்டு வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். நான் வாடகைக்கு இருப்பது ஒரு மிளகு விவசாயியின் வீட்டில். களத்தின் கிழக்கு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும், மற்ற இடத்தில் மலை மறைத்துவிடும். மிளகு பறித்துக் காயப்போடுகிற மாதம் என்பதால் களம் முழுக்க மிளகு. அந்தக் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரம்மா தூரத்திலிருந்தே கத்தினார்: "ஏனுங்க டீச்சர், மொளகு மேல கால வெச்சுப்போடாதீங்க. காய வெக்கறது நாங்க, மிதிக்கறது நீங்களா?" எனக்கு அந்தத் திட்டு பிடிக்கும். பள்ளியில் என்னை யாரும் திட்டுவதே இல்லை.

ஸ்கிரீன் ரீடர் சாதாரணமாக அடைப்புக்குறி, காற்புள்ளி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத்தான் படிக்கும். நிரலைத் திருத்த வேண்டுமென்றால் ஒன்று விடாமல் படி என்று சொல்ல வேண்டும். அப்புறம் அது, இரட்டை மேற்கோள், முக்காற்புள்ளி, வளைவு அடைப்பு திற, வளைவு அடைப்பு மூடு என்று புரோகிதர் மாதிரி ஓயாமல் ஓதும். அதில் எந்த அடைப்பு எங்கே திறந்தது என்று மனதிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பதிப்பு எண் இரண்டை மூன்றாக்கினேன். பழைய கட்டளைகளுக்குப் புதுப் பெயர் மாற்றினேன். அட்டவணையை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். ஏற்றினால் பிழை என்றது. எங்கே என்று சொல்லாது, சொன்னால் அதன் கௌரவம் குறைந்துவிடும். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் கண்டுபிடித்தேன், கடைசி வரிக்குப் பின்னால் வேண்டாத ஒரு காற்புள்ளி. அதை அழித்துவிட்டு ஏற்றினேன். இது நம்பகமற்றது, உறுதியாக வேண்டுமா என்று கேட்டது. ஆமாம். இது உங்களுக்குத் தீங்கு செய்யலாம் என்றது. செய்யட்டும். ஒரு சொடுக்கில் முடிய வேண்டிய காரியத்துக்கு, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி இத்தனை கேள்வி.

ஏறிவிட்டது. பயிற்சித்தாள் பக்கத்தைத் திறந்தேன். தமிழ் வந்தது. 'முதல் உலகப் பேர்' என்று படித்தது.

திரும்பப் படிக்கச் சொன்னேன். பேர்தான். இரண்டாம் உலகப் பேர், கொரில்லாப் பேர் முறை, பேர் நிறுத்த உடன்படிக்கை. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "போர்னுதானுங்க போட்டிருக்குது. சரியாத்தான இருக்குது." அவர் கண்ணுக்குச் சரிதான். கொம்பும் எழுத்தும் காலும் அடுத்தடுத்து நின்றால் பார்க்கிறவர்களுக்கு அது 'போ' மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது 'பே', கூட ஒட்டாத ஒரு கால். பார்வையுள்ள யாராவது இதைச் சரிபார்த்திருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போயிருப்பார்கள், நான் ஆயுசுக்கும் உலகப் பேரையே கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

காரணம் புரிய ஞாயிற்றுக்கிழமை ஆனது. அட்டவணையை உள்ளே கொண்டுவரும்போது வரிசை கலைந்திருந்தது. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற விதி முதலில் ஓட வேண்டும். கொம்பையும் எழுத்தையும் மட்டும் பார்க்கிற விதி முந்திக்கொண்டு ஓடிவிட்டால், கால் அநாதையாக நின்றுவிடும். விதிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஏற்றும்போது அதே எச்சரிக்கை, அதே உறுதியா, அதே ஆமாம். கடைசியாகப் பக்கத்தைத் திறந்தபோது, அந்த இயந்திரக் குரல், எந்த உணர்ச்சியும் இல்லாமல், முதல் உலகப் போருக்கான காரணங்களை விளக்குக என்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஒன்றும் இல்லை. முழுத்தாளையும் கேட்டேன். தாண்டாமல், விடாமல், கஞ்சிக் குரல் இல்லாமல், வரைபடக் கேள்வி உள்பட. தும்மிக்கொண்டே மறுபடி ஒருமுறை முதலிலிருந்து கேட்டேன்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியர் அறைக்குப் போய், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைச் சத்தமாகவே படிக்க விட்டேன். அன்றைய தாள், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை. அவர் எழுந்தே நின்றுவிட்டார். இது அதிசயமுங்க டீச்சர் என்றார். மறுபடி படிக்க வைத்து போனில் வீடியோ எடுத்தார். நல்லவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்படியானால் வகுப்பு விஷயம் என்று நான் ஆரம்பித்தேன். முதலில் பிரேயருக்கு வாருங்கள், எல்லாம் அங்கே சொல்கிறேன் என்றார். என் வகுப்பு எனக்குத்தான் என்பதைப் பிள்ளைகள் முன்னால் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மேடையில் என்னை நிற்க வைத்தார். பனி இன்னும் கலையவில்லை, மைக்கின் கம்பி சில்லென்று கையில் பட்டது. பிளக்இன் கதையை அவர் சொன்னார். அதில் நான் கம்ப்யூட்டரோடு போராடி வென்றிருந்தேன், ஊனம் ஒரு தடையல்ல என்று நிரூபித்திருந்தேன், இரண்டு நாள் ஊண் உறக்கம் இல்லாமல் இருந்திருந்தேன். நான் இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன். பேச்சின் நடுவில் என் தோளில் ஒரு சால்வை விழுந்தது. பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது, வேறு யாருக்கோ எப்போதோ போர்த்தியதாக இருக்க வேண்டும். போட்டோ எடுக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று நல்லவர் என் முகவாயைத் தொட்டுத் திருப்பினார்.

பிறகு தலைமையாசிரியர் சொன்னார், குரல் தழுதழுத்தது, அவர் நடிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாத விஷயம்:

"இத்தனை சிரமப்பட்ட நம்ம டீச்சருக்கு இனிமேலாவது ஓய்வு வேணுங்க. அதனால பத்தாம் வகுப்பு சமூக அறிவியல இன்னையில இருந்து சார் எடுப்பாரு. டீச்சருக்காக எல்லாரும் ஒருவாட்டி நல்லா கை தட்டுங்க பாக்கலாம்."

தட்டினார்கள். இடது பக்கம் ஆறாம் வகுப்புச் சின்னக் கைகள், வலது ஓரத்தில் பத்தாம் வகுப்பு. என் பிள்ளைகளும் தட்டினார்கள், தட்டச் சொன்னால் தட்டித்தானே ஆக வேண்டும். என்னிடமிருந்து பறித்ததற்கு, என்னை நிற்க வைத்து, எனக்காகவே கை தட்டுகிறார்கள். அந்த ஓசை தலையில் எண்ணெயைக் கொட்டியது போல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அருவருப்பில் உடம்பு கூசியது. என்ன செய்திருந்தாலும் இது இப்படித்தான் முடிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிளக்இன் ஓடாவிட்டால் பாவம் என்று எடுத்திருப்பார்கள், ஓடியதால் பாராட்டி எடுக்கிறார்கள்.

கைதட்டல் அடங்கக் காத்திருந்தேன். மைக் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது.

"சார், அதை எழுத்துல குடுங்க" என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் மைதானத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. "பத்தாவத என்கிட்ட இருந்து எதுக்கு எடுக்கறீங்கன்னு காரணத்தோட எழுதிக் குடுங்க. யாரும் வாசிச்சுச் சொல்ல வேண்டாம். நானே படிச்சுக்கறேன்."

தலைமையாசிரியர் மைக்கைக் கையால் பொத்தினார். "எழுத்துல எல்லாம் எதுக்குங்க டீச்சர், நமக்குள்ள" என்றார் மெதுவாக. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் காரணம் ஒரு தாளில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு நின்றால் என்ன மாதிரி இருக்கும் என்பதை முப்பது வருட அனுபவத்தில் அவர் அறிந்திருந்தார். வாயால் சொன்னால் அது கருணை. எழுதினால் அது பாரபட்சம். எழுத்து வரும் வரைக்கும் வகுப்பு என்னுடையது சார் என்றேன்.

மணி அடித்தது. சால்வையை எடுத்து மடித்து மைக் கம்பியின் மேல் போட்டுவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு நடந்தேன். பத்தாம் வகுப்பு வாசலில் செருப்புச் சத்தம் ஒன்று எனக்கு முன்னால் வந்து நின்றது, தாள் சரசரத்தது. நல்லவர் என் முழங்கையைத் தேடி வந்தார். தொடாதீர்கள் என்றேன். விலகிக்கொண்டார்.

உள்ளே பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், பெஞ்சுகள் இழுபட்டன. மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, உட்காருங்கள் என்றேன். அந்த எழுத்து அன்று மாலை வரை வரவில்லை. மார்ச் மாதம் அவர்கள் தேர்வு எழுதப் போன நாள் வரையிலும் வரவில்லை.

"முதல் கேள்வி. வரைபடம்" என்றேன். "எழுதுங்க."